வங்கிக்குப் போகாத மூன்று நாட்கள்

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வங்கிக் கிளைக்கு நடந்தே போய்விடலாம். ஒரு சின்ன ஏற்றம், ஒரு வளைவு, அதைத் தாண்டினால் ஒரு பேக்கரி, அதன் மாடியில் வங்கி. பதினெட்டு வருடம் அந்த ஏற்றத்தில் நடந்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு நாற்பத்தைந்து வயது முடிந்திருந்த சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் கால்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. கண்டக்டர் வந்து "எங்கீங்க?" என்றபோது வாய் தானாக "பர்லியார்" என்றது.

அந்த நாளுக்குப் பிறகு எனக்காகச் சிலர் செய்ததை நான் இதுவரை எங்கும் சொன்னதில்லை. அவர்களிடம் நேரிலும் சரியாக நன்றி சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் வங்கியில் சேர்ந்தேன். சேமிப்புக் கணக்கு லெட்ஜர்கள் என் பொறுப்பு. ஒவ்வொன்றும் தலையணைக் கனம் இருக்கும். வாசலில் ஆள் தலை தெரிந்ததுமே, எந்த லெட்ஜர், ஏறக்குறைய எந்தப் பக்கம் என்று கை போய்விடும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் என் லெட்ஜரைத்தான் முதலில் புரட்டுவார்கள். அடித்தல் திருத்தல் இருக்காது. "அச்சடிச்ச மாதிரி இருக்கு சார்" என்பார்கள். அந்தச் சொல்லைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்வேன். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். "அப்ப உங்க நோட்டுல ஒரு ஸ்டார் போட்டுடலாங்க" என்பாள். சிரித்துக்கொள்வோம். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அந்த ஸ்டார் வேண்டியிருந்தது. நான் யார் என்று என்னைக் கேட்டிருந்தால், என் லெட்ஜரைத்தான் காட்டியிருப்பேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கோயம்புத்தூரில் ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து நாளும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். கவுண்டரில் உட்கார்ந்தால், ஒவ்வோர் எழுத்தையும் விசைப்பலகையில் தேட வேண்டியிருந்தது. ஒரு விரலால் தட்டிவிட்டுத் திரையைப் பார்ப்பேன், மறுபடி குனிவேன். எதிரில் வரிசை வாசல் வரை நிற்கும். புதிதாக வந்திருந்த மேனேஜர் என்னைவிட ஆறேழு வயது இளையவர். மண்டல அலுவலகத்திலிருந்து அவருக்குத் தினமும் போன் வரும். அதை வைத்ததும் அறையை விட்டு வெளியே வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். ஒரு நாள் அப்படி நின்றுகொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்க வீட்டுல நாலாவது படிக்கிற பொண்ணு இதைவிட வேகமா அடிப்பா சார்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அதற்கப்புறம் ஒரு தப்பு நடந்தது. ஒரே எஸ்டேட்டில் வேலை செய்கிற, ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ள இரண்டு பேர். ஒருவருடைய தொகையை மற்றவர் கணக்கில் ஏற்றிவிட்டேன். மறுநாளே கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மேனேஜர் மெமோ கொடுத்தார். என் பணிக்காலத்தில் முதல் மெமோ. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாததால் தினமும் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றிக்கொண்டு திரிந்தேன்.

அன்றிலிருந்து என் கண்ணை நானே நம்பாமல் போனேன். ஒரு எண்ணை மூன்று தடவை பார்ப்பேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டதும், முந்தினதைச் சரியாகப் பார்த்தோமா என்று திரும்புவேன். அப்படித் திரும்பியதிலேயே புதுத் தப்புகள் வந்தன. குன்னூர்க் குளிரில் என் முதுகு மட்டும் நனைந்திருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மனைவி "என்னங்க?" என்றால் "குடை மறந்துட்டேன்" என்பேன். குடை கையில் இருக்கும்.

இந்த நிலையில்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. வெடிமருந்து ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மாதம் தவறாமல் வந்து பணம் எடுப்பவர், அன்றும் வந்தார். பத்து வருடத்துக்கும் மேலாக எனக்குப் பழக்கம். குன்னூரில் எங்கே பார்த்தாலும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார். சில மாதங்களாக அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பணம் எடுக்கும் சீட்டில் போட்டிருந்த கையெழுத்தை எங்களிடம் இருந்த மாதிரிக் கையெழுத்துடன் ஒப்பிட்டேன். ஒத்துப்போகவில்லை. வேறு நாளாக இருந்தால் ஆளைத் தெரியும் என்று சொல்லி அதிகாரியிடம் ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். அன்று என் கண்ணுக்கு முன்னால் மெமோதான் இருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

போட்டார். முன்னதைவிடக் கோணலாக வந்தது.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவன், "ஏனுங்க பெரியவரே, கையெழுத்து மறந்துபோச்சுங்களா?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் தலையை நிமிர்த்தவில்லை. "ஒத்து வரலீங்க" என்று சீட்டைத் திருப்பித் தள்ளினேன். அவர் அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலைதான் நான் பர்லியாருக்கு டிக்கெட் எடுத்தேன்.

பர்லியார் குன்னூரிலிருந்து மலைப்பாதையில் பாதி தூரம். இறங்கினால் வெக்கையாக இருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, அரசாங்கப் பழத்தோட்டத்துக்குள் போய், ஜாதிக்காய் மரத்துக்கு அடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றும் யோசிக்கவில்லை. பத்து மணிக்கு, இப்போது வாசலைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு மணிக்கு, கவுண்டரை மூடியிருப்பார்கள் என்று நினைத்தேன். நடுவில் மனைவி கட்டிக்கொடுத்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டேன். மாலையில் பஸ் பிடித்து, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போய், வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினேன். "இன்னைக்கு எப்படீங்க?" என்றாள். "கூட்டம்" என்றேன்.

புதன்கிழமையும் அதே பெஞ்ச். அன்று நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து சோற்றை அள்ளிவிட்டு, மூடியையும் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கல்லெடுத்து வீசக்கூடத் தோன்றவில்லை. எனக்கு இது சரிதான் என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால், அந்தக் கணம்தான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் மனைவி பாக்ஸைக் கழுவ எடுத்தாள்.

"மூடி எங்கீங்க?"

"பேங்க்ல விட்டுட்டு வந்துட்டேன்."

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

அன்று மதியமே அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. எனக்குப் பக்கத்து கவுண்டரில் உட்காரும் ஒரு படுகர் சமூகத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என் மனைவியுடைய பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்திருக்கிறார். "சாருக்குக் காய்ச்சல் ஏதாவதுங்களா? ரெண்டு நாளா வரலியே" என்று கேட்டிருக்கிறார். மனைவி ஒரு நொடிகூடத் தடுமாறாமல், "ஆமாங்க, இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னைக் காப்பாற்றிவிட்டுத்தான் தன்னிடம் நான் ஏன் பொய் சொன்னேன் என்று யோசித்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகர்கிற நேரத்தில் யாரோ ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரும்பினால் மனைவி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற அதே நீலப் புடவை, அதே கைப்பை.

கண்டக்டர் வந்தார். அவள் பர்ஸைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "எங்கீங்க எடுக்கட்டும்?"

"பர்லியார்" என்றேன்.

"ரெண்டு பர்லியார் குடுங்க" என்றாள்.

வழி முழுக்க அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கோபித்துக்கொள்ள அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடிப்பதற்குப் பதிலாக என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்துக்குள் போய் அந்த பெஞ்சைக் காட்டினேன். உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தாள்.

"ரெண்டு நாளும் இங்கயேவா உக்காந்துட்டிருந்தீங்க?"

"ஆமா."

"மூடி?"

"கொரங்கு கொண்டுபோயிருச்சு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் நான் உடைந்துபோனேன். திருமணமாகி இருபது வருடத்தில் அவள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. நாலாவது படிக்கிற பெண், மெமோ, பெரியவர், அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து மெமோவை எடுத்துக் கொடுத்தேன். நான்கு மடிப்பிலும் கிழிந்திருந்தது. அவள் வாசித்தாள்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு? ஒரு கணக்குல போட வேண்டியத இன்னொரு கணக்குல போட்டுட்டீங்க, இனிமே கவனமா இருங்கன்னுதான எழுதியிருக்கு. நீங்க ஒண்ணுக்கும் ஆகாதவருன்னு இதுல எங்க இருக்கு?"

மெமோவைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன்.

"அது இதுல இல்லீங்க. நீங்களா எழுதிச் சேத்துக்கிட்டீங்க."

மதியச் சோற்றை இரண்டு பேரும் ஒரே பாக்ஸில் சாப்பிட்டோம். அவள் மடியில் வைத்துக்கொண்டு, குரங்கு வருகிறதா என்று பார்த்தபடியே ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். திரும்பி வரும்போது நேராக வீட்டுக்குப் போகாமல் குன்னூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அதிகம் பேசாதவர். தூக்கம் எப்படி, பசி எப்படி, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்று, இருமல் சளி இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். அந்தக் குரலே எனக்குப் பாதி மருந்து. "இது நோய்தான். ஜுரம் மாதிரி. இதுக்கும் மாத்திரை இருக்கு, ஓய்வு இருக்கு" என்றார். மூன்று வார லீவுக்குச் சான்றிதழ் எழுதினார். மனைவி என்ன நினைப்பாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தாள்.

லீவில் இருந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து கவுண்டர் பெண் வீட்டுக்கு வந்தார். தங்கள் தோட்டத்து கேரட்டும் முட்டைக்கோஸும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். காபி குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேந்த மொத ஆறு மாசம் தினமும் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன்."

"ஏன்?"

"உங்களாலதான்."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"நான் எழுதின லெட்ஜரையும் உங்க லெட்ஜரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அப்ப இருந்த ஆபீசர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாரு. 'அதைப் பாரு, இதைப் பாரு'ன்னு. நீங்க ஒண்ணும் செய்யலைங்க சார். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனா இப்ப உங்களை அந்த மாதிரி நிக்க வைக்கறாங்கன்னு பாத்தப்போ எனக்குத் தாங்கலை. அதனாலதான் ஸ்கூலுக்குப் போன் பண்ணினேன்."

பல வருடம் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டார் வாங்கிய அதே பாராட்டு, இன்னொரு மேசையில் ஒருவரை அழவைத்திருக்கிறது. "எனக்குத் தெரியலைம்மா" என்றேன். "தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார். யோசித்துப் பார்த்தேன். அந்த வயதில் ஒருவேளை பெருமைப்பட்டிருப்பேன். அதையே சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

போகும்போது, "காலைல பேங்க் தொறக்கறதுக்கு அரை மணி முன்னாடி வாங்க சார். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். யாரும் பின்னால நிக்க மாட்டாங்க" என்றார்.

லீவு முடிந்து போனேன். மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. முதல் இரண்டு நாள் சொல்லாமல் நின்றதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் லீவில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். மேசையின் ஓரத்தில் ரத்த அழுத்த மாத்திரை அட்டை கிடந்தது. அப்பா சாப்பிட்டதைப் பார்த்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு வாசல்கிட்ட இருக்கற விசாரணை மேசைல உக்காருங்க சார். கம்ப்யூட்டர் மெதுவா பழகிக்கலாம்" என்றார். ஓரங்கட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வாரத்தில் புரிந்தது. படிவம் நிரப்பத் தெரியாமல் வாசலிலேயே தயங்கி நிற்கிறவர்கள் யாரென்று அந்தக் கிளையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்த நாற்காலிக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

விசாரணை மேசையில் உட்கார்ந்த முதல் மாதம் முழுக்க அந்தப் பெரியவர் வருகிறாரா என்று பார்த்தேன். வரவில்லை. விசாரித்ததில், மகன் மூலமாகக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றப் போகிறார் என்று தெரிந்தது. மேனேஜரிடம் போய், கையெழுத்து மாறிப்போனவர்களுக்குப் புதிதாக மாதிரி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதே, அட்டையை நானே வீட்டுக்குக் கொண்டுபோய் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "ஒரு ஆபீசரையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

சனிக்கிழமை மதியம் போனோம். பெரியவர் கதவைத் திறந்தார். தொப்பி இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"என்னங்க, நான்தானான்னு பாக்க வந்தீங்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேனுங்க" என்றேன்.

"கை நடுங்கறது எனக்குப் பழகிப்போச்சுங்க. முப்பது வருசம் வெடிமருந்துப் பக்கத்துல நின்னவன் நான், நடுங்காத கையின்னு பேரு வாங்கினவன். அத நானே தாங்கிக்கிட்டேன். நீங்க நிமிந்து என் மொகத்தை ஒரு தடவை பாத்திருந்தா போதும். பாக்கலியே."

"பாக்க பயமா இருந்துச்சுங்க."

"எதுக்கு பயம்?"

சொன்னேன். மெமோ, மாத்திரை எல்லாம் சொன்னேன். பர்லியாரைக்கூடச் சொன்னேன். கூட வந்த அதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. என்ன மாத்திரை குடுத்திருக்காங்க?" என்றார். அரை மணி நேரம் அவருடைய மாத்திரைகளும் என்னுடைய மாத்திரைகளும்தான் பேச்சு. அதற்கப்புறம்தான் அட்டையை வாங்கினார். நடுங்கும் கையோடு, அவசரப்படாமல், மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. "இப்ப இதுதான் என் கையெழுத்து. ஒத்துக்குவீங்களா?" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பெரியவர் அடுத்த மாதம் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். கணக்கை மாற்றவில்லை.

கம்ப்யூட்டர் எனக்கு மெதுவாகத்தான் வந்தது. காலையில் அந்த அரை மணி நேரம் பக்கத்து கவுண்டர் பெண் சொன்னபடியே வந்து உட்காருவார். நான் தப்பாக அடித்தால் "ம்" என்பார், அவ்வளவுதான். நான்கு மாதத்தில் இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்தேன். கிளையிலேயே வேகமான ஆள் ஆகவில்லை. ஆறு பேரில் நான்காவதாக இருந்திருப்பேன். அந்த நான்காவது இடத்தில் வேலை பார்க்க எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாத்திரையை ஒன்றரை வருடம் கழித்து டாக்டர் நிறுத்தினார்.

பின்னாளில் கோத்தகிரிக் கிளைக்கு மாற்றினார்கள். அதற்குள் நாடு முழுவதும் கிளைகளை ஒரே வலைப்பின்னலில் இணைத்திருந்தார்கள். அங்கே ஒரு சந்தை நாளில் காலை பத்தரைக்கு எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. உள்ளே கூட்டம் நெருக்கியடித்தது. கிழங்கு விற்ற பணத்தைப் போட வந்தவர்கள், தேயிலைப் பணம் எடுக்க வந்தவர்கள், ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். ஒருவர் என்னை நேராகப் பார்த்து, "சம்பளம் வாங்கறீங்கல்ல, வேலை தெரியாதா?" என்று கத்தினார். நான் எழுந்து கவுண்டருக்கு வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்த்து, "லைன் இல்லீங்க, எங்க கையில ஒண்ணுமில்லை. வந்ததும் உங்களைத்தான் மொதல்ல கூப்பிடறேன், உக்காருங்க" என்றேன். ஒவ்வொருவராகப் பெயரும் தேவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மருத்துவச் செலவென்று வந்தவர்களை மேலே எழுதினேன். மூன்று மணிக்கு லைன் வந்தது. ஆறரை மணிக்குத்தான் கடைசி ஆள் போனார்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எப்படீங்க?"

"சிஸ்டம் பூரா படுத்துருச்சு."

கையில் சிவப்புப் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க?"

"நான் படுக்கலை" என்றேன். "பசிக்குது. என்ன இருக்கு?"

நோட்டை மூடி வைத்துவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் போட எழுந்தாள்.